கலைக்கூடத்தில் விளையாட்டு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் மாணவர்கள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர், காட்சி பார்க்க வந்து வாசலிலேயே தயங்கி நின்றுவிடுகிறவர்கள் ஆகியோர் விளையாட்டை வைத்துச் செய்யும் கலை பற்றிக் கேட்டவை இவை. சில கேள்விகள் எரிச்சலோடு வந்தவை. அவற்றை மெருகேற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் கலையா? எங்கள் வீட்டிலும்தான் ஒன்று கிடக்கிறது.

வைத்தால் மட்டும் ஆகாது. ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1966இல் செய்த சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பலகை முழுவதும் வெள்ளை. கட்டங்கள் அத்தனையும் வெள்ளை. இரண்டு பக்கக் காய்களும் வெள்ளை. விரும்பினால் உட்கார்ந்து ஆடலாம். முதல் சில நகர்த்தல்கள் சிரமமில்லை; யாருடைய காய் எங்கே நிற்கிறது என்பது மனதில் இருக்கும். காய்கள் நடுப்பலகையில் கலந்த பிறகுதான் வினை தொடங்குகிறது. இந்தக் குதிரை உங்களுடையதா, என்னுடையதா? எதிராளியையே கேட்க வேண்டும். அவர் சொல்வதை நம்பவும் வேண்டும். நம்பாவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

ஓனோ செய்தது ஒன்றே ஒன்றுதான்: கறுப்பை எடுத்துவிட்டார். அதனால் போர் பழக்குகிற பலகையில் எதிரி யாரென்றே தெரியாமல் போய்விட்டது. விளையாட்டைக் கருவாகக் கொண்ட எந்தப் படைப்பைப் பார்த்தாலும் நான் தேடுவது இதைத்தான். பொருள் என்ன என்பது இரண்டாம்பட்சம். விதியில் எங்கே கை வைத்திருக்கிறார்? அப்படிக் கை வைத்ததால் ஆடுபவருக்கு என்ன நேர்கிறது? இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அது உங்கள் வீட்டுப் பலகைதான், வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம்.

இது எப்போது தொடங்கியது?

விளையாட்டை வரைவது மிகப் பழையது. பீட்டர் புரூகல் 1560இல் தீட்டிய சிறுவர் விளையாட்டு ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள், 80க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். வளையம் உருட்டுகிறார்கள், பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், பொய்க்காலில் நடக்கிறார்கள். ஒரு மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை எறிந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் கொக்கான் வெட்டுகிற அதே உடல்வாகு. ஆனால் அங்கே நாம் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்.

படைப்பே விளையாட்டாக மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1925 அளவில் பாரிசின் மிகையதார்த்தவாதிகள் (சர்ரியலிஸ்டுகள்) ஒரு தாளில் ஒருவர் தலையை வரைந்து மடித்துக் கொடுக்க, அடுத்தவர் அதைப் பார்க்காமலே உடலை வரைய, மூன்றாமவர் காலை வரைய விளையாடினார்கள். 1960களில் ஜார்ஜ் மசியூனஸ் தலைமையில் ஃபுளக்ஸஸ் என்ற குழு, சிறு பெட்டிகளுக்குள் விளையாட்டுகளை அடைத்து மலிவாக விற்கப் பார்த்தது. அந்தக் குழுவிலிருந்த ஜப்பானியக் கலைஞர் தகாகோ சைத்தோ, காய்களுக்குப் பதில் வாசனைச் சரக்குப் பொடிகள் நிரப்பிய சிறு குப்பிகளை வைத்து ஒரு சதுரங்கம் செய்தார். எது அரசன், எது காலாள் என்பதை மோந்துதான் அறிய வேண்டும். சரக்குத் தூளை மூக்கருகே கொண்டுபோய் மல்லி கூடியதா மிளகு கூடியதா என்று சொல்லிவிடுகிற நம் ஆச்சிமாருக்கு எதிரே கிராண்ட்மாஸ்டர்களை உட்காரவைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் கலையை விட்டுவிட்டுச் சதுரங்கம் ஆடப் போனார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1920களின் நடுவிலிருந்து அவர் பெரும்பொழுதைச் சதுரங்கத்துக்கே கொடுத்தார். ஒலிம்பியாட் போட்டிகளில் பிரான்ஸ் அணிக்காக ஆடினார். 1932இல், ஆட்டத்தில் அரிதாகவே வரும் ஓர் இறுதிக்கட்ட நிலையைப் பற்றி இன்னொருவரோடு சேர்ந்து புத்தகமும் எழுதினார். 1968இல் டொரொன்டோ மேடையில் இசையமைப்பாளர் ஜோன் கேஜுடன் ஆடியபோது, காய் நகரும்தோறும் அரங்கின் ஒலி மாறும்படி பலகைக்குள் மின்கம்பி இணைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நள்ளிரவைத் தாண்டி இழுபட்டது. முடிவில் அரங்கில் மிகச் சிலரே மிச்சம்.

மற்றப் பாதி என்னவென்றால், 1946 முதல் இருபது ஆண்டுகள் அவர் வெளியுலகுக்குச் சொல்லாமல் ஒரு பெரிய படைப்பைச் செய்துகொண்டிருந்தார். அவர் இறந்த பிறகு, 1969இல்தான் அது வெளியே வந்தது. கலையை விட்டாயிற்று என்று உலகத்தை நம்பவைத்ததுதான் அவர் ஆடிய மிக நீண்ட ஆட்டம் என்பேன்.

ஒரு காட்சியில் தொடாதே என்று அதட்டுகிறார்கள். இன்னொன்றில் ஏறிச் சறுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது?

வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கேள்விக்குள் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. 1968இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாலே நீல்சன், ஸ்டொக்ஹோம் நவீன கலை நூதனசாலைக்குள் பிள்ளைகளுக்கான ஒரு பெரும் விளையாட்டிடத்தைக் கட்டினார். பலகை, ஆணி, சுத்தியல், வர்ணம், குதிப்பதற்கு நுரைமெத்தை, அணிவதற்கு நாடக உடுப்புகள், உலகத் தலைவர்களின் முகமூடிகள். பிள்ளைகளுக்கு நுழைவு இலவசம். காசு கொடுத்து உள்ளே போக வேண்டியவர்கள் பெரியவர்கள். 2006இல் லண்டனின் டேட் மொடர்ன் கலைக்கூடத்தில் கார்ஸ்டன் ஹொல்லர் ஐந்து பெரிய சறுக்குக் குழாய்களை நிறுவினார். கோட்டுசூட்டு அணிந்தவர்களும் அலறிக்கொண்டு கீழே வந்தார்கள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹொல்லரின் குழாயில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: விழுவது. நீல்சனின் இடத்தில் பிள்ளையின் கையில் சுத்தியல் இருந்தது. பிடிக்காததை உடைத்து வேறு கட்டலாம். பிரெஞ்சு ஆய்வாளர் ரொஜே கையுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, தலைச்சுற்று என்று நான்காகப் பிரித்தார். சறுக்குக் குழாய் நான்காவது வகை. சித்திரைப் புதுவருடத்துக்குக் கட்டும் ஊஞ்சலில் எழுந்து நின்று உன்னி ஆடுகிறவர்களுக்கு அந்தத் தலைச்சுற்றை யாரும் லண்டனிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

பந்தே இல்லாமல் உதைபந்தாடும் படம் ஒன்று இருக்கிறதாமே. அது என்ன?

பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோ நகரில் வாழும் பிரான்சிஸ் அலீஸ், 1999 முதல் உலகின் பல நாடுகளில் சிறுவர் விளையாட்டுகளைக் குறும்படங்களாக எடுத்துவருகிறார். 2022இல் வெனிஸ் பியெனாலே என்ற உலகக் கலைக்காட்சியில் பெல்ஜியத்தின் அரங்கை இந்தப் படங்களே நிறைத்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை அவருடைய இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்கும் படம் 2017இல் ஈராக்கின் மோசுல் நகரில் எடுக்கப்பட்டது. நகரைப் பிடித்துவைத்திருந்த ஐஎஸ் அமைப்பு உதைபந்தாட்டத்தைத் தடைசெய்திருந்தது. இடிந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு தெருவில் பையன்கள் ஆடுகிறார்கள். பந்து இல்லை. மற்ற எல்லாம் இருக்கின்றன. ஒருவன் இல்லாத பந்தைக் கடத்துகிறான். இன்னொருவன் வாங்கி நெஞ்சில் தாங்கி இறக்குகிறான். காப்பாளன் புழுதியில் பாய்கிறான். கோல் என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கவனித்துப் பாருங்கள்: பத்துப் பேரின் கண்களும் ஒரே வெற்றிடத்தைப் பின்தொடர்கின்றன. பந்து எங்கே இருக்கிறது என்பதில் இரு அணிகளும் உடன்படாவிட்டால் ஒரு நிமிடம்கூட இந்த ஆட்டம் நடக்காது. ஓனோவின் வெள்ளைப் பலகை கேட்ட அதே நம்பிக்கையைத்தான் இந்தப் பையன்களின் ஆட்டமும் கேட்கிறது.

இந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் போட்டுக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது. போர்க்காலத்தின் பற்றரி தடை, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட இரவுகள். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எந்தப் பிள்ளையும் கரம் பலகையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. போய்த் தங்கிய பள்ளிக்கூட முற்றத்தில் கொக்கானுக்குக் கல் கிடைத்தது, கிளித்தட்டுக்குக் கோடு கீற மண் கிடைத்தது, போளைக்குப் பதில் புளியங்கொட்டை கிடைத்தது. சுமையே இல்லாமல் கொண்டுபோகக்கூடியது விதி மட்டும்தான்.

அலீஸிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவருடைய படங்கள் அளவுக்கு மீறி அழகாக இருக்கின்றன. பிள்ளைகள் எப்போதும் மீண்டெழுகிறார்கள். விளையாட மனமில்லாமல் மதிலோரம் குந்தியிருக்கும் பிள்ளையை அந்தக் கமெரா அதிகம் தேடிப் போவதில்லை.

போரில் இத்தனை பேரை இழந்த ஊரில் போரை விளையாட்டாகக் காட்டுவது அவமதிப்பு இல்லையா?

ஆகலாம். எல்லாப் படைப்பையும் காப்பாற்றிப் பேச நான் வரவில்லை.

மூன்று படைப்புகளை வைத்து யோசிப்போம். போலந்தின் ஸ்பிக்னியெவ் லிபெரா 1996இல் லெகோ கட்டைகளால் ஒரு வதைமுகாமைச் செய்து, கடையில் விற்கும் பொம்மைபோலவே பெட்டிகளும் தயாரித்தார். பலர் கொதித்தார்கள். அவர் கேட்டது வேறு: எதைக் கொடுத்தாலும் குறிப்புத்தாளைப் பார்த்துப் பொருத்திவிடுகிற பழக்கத்தை நமக்கு யார் ஊட்டினார்கள்?

ஈராக்கில் பிறந்த வஃபா பிலால் 2007இல் சிக்காகோவில் ஒரு கூடத்துக்குள் ஒரு மாதம் தங்கினார். இணையத்தில் இருக்கும் எவரும் சுட்டியை அழுத்தினால் அங்கிருந்த வர்ணத் துப்பாக்கி அவரை நோக்கிச் சுடும். 60,000க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. குண்டுகளின் எண்ணிக்கையைவிட என்னை நிறுத்தியது இன்னொரு தகவல்: சிலர் இரவு பகலாக முறைவைத்துத் துப்பாக்கியை அவர் இல்லாத பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு விதியை பிலால் எழுதிவைக்கவில்லை. ஆடியவர்களே சேர்த்தார்கள்.

மூன்றாவது, ஜெர்மன் திரைப்படக் கலைஞர் ஹாருன் ஃபரோக்கி 2009, 2010இல் செய்த காணொளி வரிசை. அமெரிக்கப் படையினரைப் போருக்குப் பழக்குவதற்கும், திரும்பி வந்தபின் மனக்காயத்துக்குச் சிகிச்சை அளிப்பதற்கும் ஒரே மாதிரியான கணினி விளையாட்டுகள் பயன்படுவதை அதில் காட்டுகிறார். ஒரு சின்ன வித்தியாசத்தை அவர் கண்டுபிடித்துச் சொல்கிறார்: பயிற்சிக்கான படத்தில் ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் நிழல் விழுகிறது; சிகிச்சைக்கானதில் நிழலே இல்லை. அது செலவு குறைந்த பதிப்பு. ஒரு போரைப் பற்றி இதைவிடக் கசப்பாக ஒரு வரி எழுதிவிட முடியுமா, தெரியவில்லை.

என் அளவுகோல் எளியது. இதில் வெல்கிறவர் யார்? நடுவில் எழுந்துபோக வழி இருக்கிறதா? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய் ஒருவர் காட்சிக்கு வரக்கூடும் என்று தெரிந்துகொண்டே துப்பாக்கிச் சத்தத்தை வாசலில் வைப்பவர் கலைஞரானாலும் எனக்கு மதிப்பில்லை. குறைந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி வையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

முதலில் நாடகக்காரர்களைச் சொல்ல வேண்டும். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் அரங்கு, பாடிக்கொண்டும் ஓடிக்கொண்டும் நடப்பது. அரங்க விளையாட்டு இல்லாமல் இங்கே ஒரு நாடகப் பட்டறை தொடங்குவதே இல்லை. காண்பியக் கலைக்காரர்கள் இந்த வாசலுக்குப் பிந்தியே வந்தார்கள்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் தோம்பு (பழைய காணிப் பதிவேடு) பற்றிய படைப்பை நான் இந்தப் பேச்சில் சேர்ப்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2011இல் நூலாக வந்த அதில், வீட்டை இழந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறுகிறார்கள். அந்தக் கீறலோடு கட்டடக்கலைஞரின் வரைபடமும் கலைஞரின் சித்திரமும் சேர்கின்றன. யாரும் இதை விளையாட்டு என்று அழைக்கமாட்டார்கள், நானும் அழைக்கவில்லை. ஆனால் அது இயங்கும் முறையைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே விதி. கிணறு எங்கே, மாமரம் எங்கே, குசினி வாசல் எந்தப் பக்கம் என்பதில் ஒவ்வொருவரின் கையும் வெவ்வேறு இடத்தில் தடுமாறுகிறது. மண்ணில் கோடு கீறி வீடு கட்டி விளையாடிய கையும் அதே கைதான்.

வல்வெட்டித்துறைப் பட்டங்களைக் கூடத்தில் தொங்கவிட்டால் சமகாலக் கலையாகிவிடுமா?

தொங்கவிட்டால் பாதிப் பட்டம்தான் கிடைக்கும். மீதி காற்றில் இருக்கிறது.

தைப்பொங்கல் நாளில் உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே போனபின் உருமாறுகிறவை, கை கால் அசைக்கிறவை, விளக்கெரிகிறவை என்று வருடத்துக்கு வருடம் கற்பனை கூடிக்கொண்டே போகிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பிரமாண்டம் அல்ல. விண் பூட்டிய சாதாரணக் கொக்குப் பட்டம். வில்லாக வளைத்த சிலாகையில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலைப்பக்கம் பொருத்துவார்கள். வாடைக்காற்று அந்த நாடாவில் மோதும்போது அது அதிர்ந்து கூவும். நாடாவின் அகலத்தை மாற்றினால், இழுவையைக் கூட்டினால், சுருதி மாறும். கட்டியவர் நாடாவை விரலால் சுண்டிப் பார்த்து, காதருகே வைத்து, ஒரு மயிரிழை தளர்த்தி மறுபடி சுண்டுவதைப் பாருங்கள், வயலின்காரர் தோற்றார். பிறகு முச்சை, பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு. அது பிசகினால் எத்தனை அழகான பட்டமும் குத்துக்கரணம் அடித்து வடலிக்குள் விழும். எல்லாம் சரிவந்தால் மாலையில் ஏற்றி, நூலை மரத்தில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம். இரவெல்லாம் ஊர்மேல் விண் கூவும். சத்தம் இறங்கினால் காற்று விழுகிறது என்று பாயில் கிடந்தபடியே தெரிந்துகொள்வார்கள். இதையே வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் செய்து ஒலிக்கலை என்று பெயர் சூட்டியிருந்தால் நாம் வரிசையில் நின்று பார்த்திருப்போம்.

கையுவாவின் தலைச்சுற்றும் இங்கே உண்டு. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் கூட்டாகப் பெரும்பட்டம் ஏற்றியபோது, கயிற்றை விடாத இளைஞர் ஒருவரைப் பட்டம் வானத்துக்குத் தூக்கிச் சென்ற காணொளி உலகமெல்லாம் ஓடியது. அவர் உயிர் தப்பியது பெரிய காரியம்.

கலையா என்றால், சந்தேகமில்லாமல் கலை. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் நடுவர் எதற்குப் புள்ளி போடுகிறாரோ அதுதான் வளரும். ஒரு வருடம் விண்ணின் ஒலிக்கு மட்டுமே பரிசு, கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நடுவர்கள் தீர்ப்பளிப்பார்கள் என்று அறிவித்துப் பாருங்கள். அடுத்த தைக்குள் வடமராட்சியின் வானம் வேறாகிவிடும். அந்த அறிவிப்பை எழுதுகிறவரை நான் சமகாலக் கலைஞர் என்பேன்.

வழக்கொழிந்த விளையாட்டுகளை மீட்டெடுத்துக் காட்டினால் போதாதா?

பாரம்பரிய விழாவுக்குப் போதும். கிட்டிப்புள்ளையும் பல்லாங்குழியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெயர் எழுதுவது நல்ல பணிதான், ஆனால் அது நூதனசாலையின் பணி. கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மறிப்பவர் தன் கோட்டை விட்டு இறங்க முடியாது. மறிப்பவர்களில் கிளி எனப்படுபவர் மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றவர்கள் தொடுபடாமல் ஒவ்வொரு கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தாண்டியே பள்ளிக்கூடம் போன ஒரு தலைமுறை இந்த ஊரில் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்காமல், அந்தக் காலத்தில் எத்தனை சந்தோஷம் என்று பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறோம்.

கணினி விளையாட்டுகளும் சேருமா?

சேரும். நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலை 2012இல் பக்மேன், டெட்ரிஸ் உட்பட 14 விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்துவிட்டது. விவாதம் பழசாகிப்போனது. பிள்ளையின் கையிலிருந்து தொலைபேசியைப் பறிக்கும் பெற்றோருக்கு இது ஆறுதல் அல்ல என்பது தெரியும்.

பரீட்சைக்கோ காட்சிக்கோ நானும் இப்படி ஒன்று செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

மாணவர்கள் அடிக்கடி கொண்டுவரும் யோசனை பரமபதம். ஏணி இருக்கும் இடத்தில் விசா, பாம்பு இருக்கும் இடத்தில் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிய ஏஜென்சி, நூறாவது கட்டத்தில் கனடா. வர்ணமெல்லாம் நன்றாகவே தீட்டியிருப்பார்கள். குறை என்னவென்றால், படங்கள் மாறியிருக்கின்றன, ஆட்டம் மாறவில்லை. அதே தாயக்கட்டை, எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு. வெளிநாடு போவது அப்படியா நடக்கிறது? அண்ணன் ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கு இரண்டு முறை உருட்ட விடுங்கள். காணி ஈடு வைத்தவர் பாம்பில் விழுந்தால் அவர் மட்டும் விழக்கூடாது. வீட்டில் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரரும் சேர்ந்து விழ வேண்டும். ஒருவருக்குக் கட்டையே கொடுக்காதீர்கள். அவர் முதியோர், கடைசிவரை பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது வர்ணம் தீட்டாமல் வெறும் மட்டையில் கீறினாலும் போதும்.

பிறகு அதை நாலு பேரை வைத்து ஆடிப் பாருங்கள், காட்சிக்கு முன்பே. சனசமூக நிலையத்து வாசிகசாலையில் பத்திரிகை பார்க்க வருபவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள். உங்களைத் தெரியாது என்பதால் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டார்கள். எங்கே கோபப்படுகிறார்கள், எங்கே கள்ளம் செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கள்ளம் செய்கிற இடத்தில்தான் பெரும்பாலும் படைப்பு இருக்கிறது.

பிள்ளைகள் விளையாடுவதைப் படமெடுத்துக் காட்சியில் வைக்கலாமா?

தாய் தகப்பனிடம் கேட்டு, எங்கே காட்டப்போகிறீர்கள் என்று சொல்லி, பிறகு. பிள்ளையிடமும் கேளுங்கள். முகம் தெரியாமல் கால்களையும் கைகளையும் மட்டும் எடுத்தாலும் கொக்கான் வெட்டுவதை முழுமையாகக் காட்டிவிடலாம். முடிந்ததும் அந்தப் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். விதியைத் தவறாகக் காட்டியிருந்தால் முதலில் சண்டைக்கு வருபவர்கள் அவர்கள்தான்.